எல்லாப் போட்டிகளும் சேர்த்து

மச்சினனுக்கு பாஸ் வாங்கிக் கொடுத்தது தப்பு. கொடுத்ததைக்கூட மன்னிக்கலாம், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால் பார்த்துக் கொடுத்ததைத்தான் மன்னிக்க முடியாது என்று, ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே இன்னாசி பல தடவை நினைத்துவிட்டான். கடல்முனை கால்பந்து கிளப்பின் மைதானத்தில் அந்த பெஞ்சு மேற்கே பார்த்து இருக்கும். மாலை ஆட்டம் என்று பேர்தான். பங்குனி வெயில் தகரக் கூரைக்கு அடியில் குனிந்து வந்து நேராக முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். கையுறையைக் கழற்றலாமா? கழற்றினால் இன்றைக்கு நமக்கு வேலை இல்லை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி. கழற்றாமல் இருந்தால் உள்ளங்கை வியர்த்து ஊறி, சோடாவில் ஊறிய அப்பளம் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் ஐஸ் பெட்டி, வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயின் வாசனை, யாரோ காலடியில் போட்ட வாழைப்பழத் தோல். பின்னால் மச்சினன் அல்போன்ஸ். “நீ லீக்கை மட்டும் பாக்குற பாரு, அதான் உங்கிட்ட கோளாறு,” என்று அவன் பக்கத்து சீட்டுக்காரரிடம் மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். “எல்லாப் போட்டியும் சேத்துப் பாருய்யா. அப்பதான் டீமு இன்னான்னு தெரியும்.” பக்கத்து சீட்டுக்காரரை இன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை. சளி பிடித்த, ஐம்பது வயசுக் குரல். “யோவ், கோப்பையில யாருகூட ஆடுனானுங்க? மொத ஆட்டம் ஏதோ காலேஜ் டீமு. அடுத்தது, மூணு நாள் ரயில்ல வந்து தூங்கி வழிஞ்ச பசங்க. வாரா வாரம் ஆடுறான் பாரு, லீக்கு, அதான்யா டீமோட மூஞ்சி. மத்ததெல்லாம் பவுடரு.”

பவுடர். இன்னாசிக்குக் காது மடல் சூடானது. அது வெயில் என்று சொல்லிக்கொண்டான். பவுடர் என்றால் யார், அவன்தானே. இந்த வருஷம் லீக்கில் கடல்முனை பதினாறு ஆட்டம் ஆடி மூன்றில் ஜெயித்திருக்கிறது, பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். தென்னகக் கோப்பையில் ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி, ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். லீக்கில் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றது ஹர்மன், பஞ்சாபிலிருந்து வந்த இருபத்திரண்டு வயசுப் பையன், நிலைவாசலில் குனிந்து வருகிற உயரம். கோப்பையில் நின்றது இன்னாசி. நம்பர் ஒன் கோல்கீப்பரை வாரா வாரம் லீக்கில் ஆடவிட்டு, கோப்பையைப் பழைய ஆளிடம் தள்ளிவிடுவது எல்லா கிளப்பிலும் உள்ள வழக்கம். முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்துவிடுவோம், பழைய ஆளுக்கும் ஒரு மரியாதை. ஆனால் வெளியே வரவில்லை. காலிறுதியிலும் அரையிறுதியிலும் பெனால்டி வரைக்கும் போய், இரண்டிலும் இன்னாசி வலது பக்கம் விழுந்து பிடித்தான். அதற்குப் பிறகு கிளப்பின் இணையப் பக்கத்தில் ‘எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஒன்பது வெற்றி’ என்று ஒரு படம் போட்டார்கள். போட்டதில் யார் முகம்? ஹர்மன் முகம். சரி, அவன்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறான். அதே பக்கத்தில் ஒவ்வொரு ஆளின் பேருக்குக் கீழேயும் ஒரு கட்டம் வரும். இன்னாசி பேருக்குக் கீழே, லீக்: பூஜ்யம். ஆடி மோசமாக ஆடியதற்கு ஒரு எண் இருக்கிறது, பூஜ்யத்துக்கு என்ன இருக்கிறது. பிறக்கவே இல்லை என்கிற மாதிரி. வருஷம் முழுக்க இந்த வெயிலில் உட்கார்ந்து அவிந்ததற்கு ஒரு கட்டம் போடலாமே. உட்கார்ந்தது: பதினாறு ஆட்டம். இன்றைக்குச் சேர்த்தால் பதினேழு. நானே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன் பார், இந்த அல்போன்ஸ் சனியன் தொற்றிக்கொண்டது.

அந்தப் பக்கம் கொல்கத்தாக்காரர்கள் பந்தை வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் ஆடினார்கள். ஹர்மன் கத்தவே மாட்டான். அதுதான் அவனிடம் உள்ள குறை. கோல்கீப்பர் கத்த வேண்டும்; பின்னால் நிற்கிற ஒரே ஆளுக்குத்தான் மொத்த மைதானமும் தெரியும், அவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் முன்னால் நிற்பவன் குருடன். இன்னாசி அவனிடம் சொல்லியிருக்கிறான். “கத்துடா.” “என்ன கத்து, பாஜி?” பாஜி என்றால் பஞ்சாபியில் அண்ணன். “எதையாவது. தமிழ் வராட்டி பஞ்சாபில கத்து. பயத்துல புரியும் அவனுங்களுக்கு.” ஹர்மன் சிரித்தான். நல்ல பையன். அது இன்னொரு இம்சை. கெட்ட பையனாக இருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம், நிம்மதியாகத் தூங்கலாம். கோப்பை அரையிறுதி முடிந்ததும் முதலில் ஓடி வந்து இன்னாசியைத் தூக்கியவன் அவன்தான். அந்தக் கையின் பிடி இன்னும் விலாவில் இருக்கிறது. காலையில் சாப்பாட்டு மேஜையில் குருப்பு சார் எதிரில் வந்து உட்கார்ந்தார். கோச். பாலக்காட்டுக்காரர், யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவது அவருக்கு ஆகாது, இட்லியைப் பார்த்துத்தான் பேசுவார். “இன்னாசி, ஞாயிற்றுக்கிழமை காரியம் நமக்கு ஆலோசிக்கணும்.” எதை ஆலோசிக்கணும்? ஆறு ஆட்டம் ஆடினவன் ஏழாவது ஆட்டம் ஆடுவான், இதில் என்ன ஆலோசனை? இதை அவன் கேட்கவில்லை. “சரி சார்,” என்றான். சரி சார். எவ்வளவு ஈஸியாக வாயில் வந்தது பார். பதினைந்து வருஷமாக எட்டு கோச்சிடம் சொன்ன அதே சரி சார். “ஓனர்மாருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பெரிய ஆட்டம், பெரிய ஆளு, டிவி. நோக்கலாம்.” நோக்கலாம் என்றால் என்ன? பார்க்கலாம். பார்க்கலாம் என்றால்? வரன் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சொல்கிற பார்க்கலாமா, டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிற பார்க்கலாமா? மனைவி ஜெசிந்தாவிடம் போனில் சொன்னபோது அவள் டூட்டியில் இருந்தாள், ஆஸ்பத்திரி மணிச்சத்தம் பின்னால் கேட்டது. “நேரா கேக்க வேண்டியதுதானே?” “கேட்டா வேணாம்னு சொல்லிட்டா?” “கேக்காட்டி வேணும்னு சொல்லிடுவாரா?” என்று சொல்லிவிட்டு யாருக்கோ ஊசி போடப் போய்விட்டாள். பதில் சொல்ல முடியாத மாதிரி பேசிவிட்டு போனை வைப்பது அந்தக் குடும்பத்துக்கே கை வந்த கலை. தம்பி வைக்கவே மாட்டான், அக்கா உடனே வைத்துவிடுவாள்.

கோல் விழுந்தது அந்த நேரத்தில்தான். இடது பக்கமிருந்து ஒரு பந்து, தடுப்பாட்டக்காரன் தனசீலன் குதித்தான், எட்டவில்லை, பின்னால் தனியாக நின்றவன் தலையால் முட்டினான். சாதாரண கோல். ஆனால் இன்னாசியின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. சின்னதாக. மீன் வாலை ஒரு தரம் ஆட்டின மாதிரி. அது என்னது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி காட்டிக்கொள்ள முகத்தைக் கோணி, தொடையில் தட்டி, “ச்சே!” என்றான். பெஞ்சில் எல்லோரும் ச்சே என்றார்கள். எல்லோருடைய ச்சேவும் ஒன்றுதானா? சந்தோஷம் அது. தன் சொந்த அணி கோல் வாங்கியதும் வந்த சந்தோஷம். கம்பத்துக்கு நடுவில் இடுப்பில் கைவைத்துப் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அந்தப் பையன் தோற்றால் ஞாயிற்றுக்கிழமை நமக்கு என்று உடம்பே கணக்குப் போட்டுவிட்டது, மனசைக் கேட்கவே இல்லை. இது வருஷம் முழுக்க இருந்ததா? இந்தப் பதினாறு ஆட்டத்திலும் ஒவ்வொரு கோலுக்கும் இந்த மீன் வாலை ஆட்டியதா, நாம் கவனிக்கவில்லையா? அப்படியானால் லீக்கில் நமக்குப் பூஜ்யம் இல்லை, அதைவிடக் கீழே. சீச்சீ. அப்படியெல்லாம் இல்லை. எல்லா ரெண்டாம் நம்பர் கீப்பருக்கும் இது வரும், யாரும் வெளியே சொல்வதில்லை. யாரும் சொல்வதில்லை என்பதால் எல்லாருக்கும் வரும் என்று எப்படித் தெரியும்? எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ. பின்னால் அல்போன்ஸ், “லீக்குல எங்க மாமாவ எறக்கிப் பாக்கட்டும், அப்ப தெரியும்,” என்றான். “உங்க மாமா யாரு?” என்றது சளிக்குரல். “இன்னாசிய்யா! கோப்பை கீப்பரு!” “ஓ, அந்தப் பெருசா,” என்றார் அவர். முப்பத்துநாலு வயசு. பெருசு. அல்போன்ஸ் விடவில்லை. “அவரு நின்ன ஆட்டத்துல எல்லாம் ஜெயிச்சிருக்கோம், தெரியுமா?” “அதான் சொல்றேன், எவன்கூட?” மறுபடி அங்கேயே. அவர்கள் இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், அதுதான் எரிச்சல். ஒருத்தன் பொய் சொன்னால் எழுந்து திரும்பி வாயை மூடு என்று சொல்லலாம். மூன்று வெற்றியும் உண்மை, ஒன்பது வெற்றியும் உண்மை; கேட்கிறவன் எதை நினைத்துக்கொண்டு கேட்கிறானோ அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். ஓனர் பேட்டியில் ஒன்பது என்பார். குருப்பு சாரை அனுப்ப வேண்டுமென்றால் மூன்று என்பார். என்னை அனுப்ப வேண்டுமென்றால் பூஜ்யம் என்பார். எவ்வளவு வசதி.

இடைவேளையில் உள்ளே போய் வந்ததே அவனுக்குச் சரியாக நினைவில்லை. குருப்பு சார் போர்டில் ஏதோ வட்டம் போட்டார், தண்ணீர் குடித்தார்கள், ஹர்மன் மூலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இன்னாசி அவன் பக்கத்தில் போய் நின்றான். எதையாவது சொல்லியிருக்க வேண்டும். ‘உன் தப்பு இல்லடா’ என்று சொல்ல வாய் திறந்தது, அந்த மீன் ஞாபகம் வந்தது, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இப்போது மறுபடி பெஞ்சு, மறுபடி வெயில், கொஞ்சம் இறங்கியிருந்தது, இன்னும் கண்ணுக்கு நேராக. இரண்டாவது கோலுக்கு எதுவும் துள்ளவில்லை. துள்ளுகிறதா என்று காத்திருந்து பார்த்தான், ஒன்றும் இல்லை, ஆனால் காத்திருந்ததே அசிங்கமாக இருந்தது. கன்னத்தின் உட்புறம் பல் கடித்துவிட்ட இடத்தை நாக்கே தேடிப் போகிற மாதிரி. ஜெசிந்தா ஒரு தரம் சொன்னாள், விளையாட்டாகத்தான் சொன்னாள், “நீயும் வீட்டுல கோப்பை கீப்பர்தான். பாப்பா பொறந்த நாளைக்கு வருவே, ஈஸ்டருக்கு வருவே, தினமும் பால் வாங்க எவன் நிக்கிறான்?” அவன் கோபித்துக்கொண்டு மாடிக்குப் போனான். போய் என்ன செய்தான், மாடியில் இருந்து மற்ற மாடிகளைப் பார்த்தான். எல்லா மாடியிலும் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவளும் இந்தக் கணக்கை எடுத்துவிட்டாளே என்று இருந்தது. ஊர் முழுக்க எல்லோரும் கால்குலேட்டரோடு சுற்றுகிறார்கள், யாராவது ஒரு ஆளை ஒரு ஆளாகப் பார்ப்பதுண்டா. மூன்றாவது கோலை அவன் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தான். வலைக்குள் பந்து கிடந்தது, வெளியே ஹர்மன் கிடந்தான். எதிரணி ஆளோடு மோதி, இடது தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் புரண்டான். மருந்துப் பெட்டிக்காரர் ஓடினார். ஹர்மன் எழுந்து நின்றான், கையைச் சுழற்றிக் காட்டினான், ஆடுவேன் என்று தலையசைத்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

“இன்னாசி,” என்றார் குருப்பு சார்.

அவன் எழுந்துவிட்டான். உடம்புதான் எழுந்தது. ஓடி, குதித்து, இடுப்பை வளைத்து, எல்லாம் அதுவாகவே செய்தது. லீக். லீக்கில் இறக்குகிறார். பூஜ்யம் போய்விடும். மூன்று கோல் வாங்கிய பிறகா, கால்மணி நேரம்கூட இல்லையே, இருந்தால் என்ன, ஒன்று என்றால் ஒன்றுதான். அவன் சட்டைக்கு மேலே போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு கோட்டுக்கு வந்தபோது குருப்பு சார் பக்கத்தில் வந்து நின்றார். இட்லி இல்லாததால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அவன் தோளு பிரச்சினை இல்லை. என்றாலும் ரிஸ்க் வேண்டா. ஞாயிற்றுக்கிழமை அவன் நமக்கு வேணும்.”

முதலில் அது காதில் விழவே இல்லை, அதாவது விழுந்து வெளியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை, அவன், வேணும். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகப் புரிந்தது. ஃபைனலுக்கு ஹர்மன். ஹர்மனைப் பத்திரமாக வைக்க இன்றைக்கு இன்னாசி. வருஷம் முழுக்க லீக்கில் ஹர்மன் நின்றதால் கோப்பையில் நின்றவன், இப்போது கோப்பையில் ஹர்மன் நிற்க வேண்டும் என்பதற்காக லீக்கில் நிற்கப் போகிறான். எங்கே ஒழுகினாலும் அடியில் வைக்க ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது, அது இன்னாசி. “சார்,” என்றான். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “அப்ப என்னை எறக்க மாட்டீங்களா, ஞாயித்துக்கிழமை?” குருப்பு சார் அவனைப் பார்த்தார். இந்த வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். “இல்லை,” என்றார். “என்னோட தீருமானம் இல்லை. ஆனா சொல்ல வேண்டியது நான்தானே. க்ஷமிக்கணும்.” அதிகாரி பலகையைத் தூக்கினார், பச்சை எழுத்தில் நம்பர் மாறியது. ஹர்மன் கோட்டுக்கு வந்தான், முகம் முழுக்க மண்ணும் வியர்வையும். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னாசிக்குத் தெரிந்தது. “சாரி, பாஜி,” என்றான். மூன்று கோலுக்கும் சேர்த்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான், மடையன், எனக்கு ஏண்டா சாரி. இன்னாசி அவன் பிடரியைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினான். உள்ளே ஓடினான்.

புல் மெத்தென்று இருந்தது. கம்பத்தைத் தொட்டான், சுட்டது. இங்கிருந்து பார்த்தால் வெயில் பக்கவாட்டில், கண்ணில் படவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்? இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கையுறையைக் கழற்றி ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்கலாம். ஆறு ஆட்டம் சார், ஆறு, இரண்டு பெனால்டி, என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். அவர் இல்லை என்று சொன்னதும் ஏன் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது? அந்தப் பார்க்கலாம் போனதாலா? அட, அதற்குக்கூடச் சந்தோஷப்படுகிற ஆளா நான்? ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்வது. கேட்டேன், இல்லை என்றார் என்று சொல்லலாம், கேட்டதற்காகவாவது அவள் ஏதாவது சொல்லுவாள். இனிமேல் அந்தக் கட்டத்தில் லீக்: ஒன்று என்று வரும், ஜெயித்தது பூஜ்யம், தோற்றது ஒன்று, கோப்பையில் ஃபைனல் மட்டும் இல்லை, எல்லாப் போட்டிகளும் சேர்த்து ஏழு, ஏழில் ஆறு, என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே எதிரணிக்காரன் ஒருத்தன் தலையை நிமிர்த்தினான். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். அடிக்கப் போகிறான் என்று கண் சொன்னது, இன்னாசி கேட்கவில்லை. கோல் கோட்டை விட்டு இருபதடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். பந்து மேலே போய், மேலேயே இருந்து, அவன் பின்னால் காலை இழுத்துக்கொண்டு ஓடி, விரல் நுனியில் தோல் உரசின மாதிரி ஒரு உரசல், பிறகு வலை.

நாலு.

மைதானத்தில் பாதி பேர் சிரித்தார்கள். அவன் குனிந்து பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்தான். இது ஹர்மனுடையது இல்லை, குருப்பு சாருடையது இல்லை, ஓனருடையது இல்லை. இதை எந்தக் கட்டத்தில் போட்டாலும் இது நான் வாங்கியது. நின்று கனவு கண்டு வாங்கியது. பந்தை ஓங்கி உதைத்து நடுவுக்கு அனுப்பினான். தனசீலன் கிட்டே வந்து தோளில் தட்டினான். வியாசர்பாடிப் பையன், களைத்துப் போய் சட்டையைத் தூக்கி முகம் துடைத்துக்கொண்டிருந்தான். “வுடுண்ணா. இது போச்சு. நம்ம மேட்டரு ஞாயித்துக்கெயமதான?” என்றான்.

“ஞாயித்துக்கெழமய ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்,” என்றான் இன்னாசி. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது கத்தலாக முடிந்தது. “இப்ப ஆளப் புடிடா! பதினோராம் நம்பரு தனியா நிக்கிறான், எவனுக்காவது கண்ணு இருக்குதா? போ!”

தனசீலன் திகைத்துப் பார்த்துவிட்டு ஓடினான். இன்னாசி நிறுத்தவில்லை. வலது பக்கம் என்றான், ஏறு என்றான், திரும்பு என்றான், பின்னால பாரு என்றான், கெட்ட வார்த்தையும் வந்தது. நாலு கோல் வாங்கின அணியின் கோல்கீப்பர் இப்படிக் கத்துவதைப் பார்த்து எதிரணி ஆள் ஒருத்தன் சிரித்தான், அவன் சிரிப்பும் தெரிந்தது, அவன் இடது காலில் எடை போட்டு நிற்பதும் தெரிந்தது. இடது காலில் எடை என்றால் வலதால் அடிப்பான். அடித்தான். இன்னாசி முன்பே விழுந்திருந்தான். பந்து முன்கையில் பட்டு வெளியே போனது, எலும்பு வரைக்கும் எரிந்தது. கார்னர். எழுந்தான். புழுதி வாய்க்குள். துப்பினான். தனசீலா, கம்பத்துல நில்லு. நீ முன்னால. ஏய், அவன் சட்டைய வுடு, நடுவரு பாக்குறாரு. மூலையில் ஒருத்தன் கையைத் தூக்கினான். பந்து கிளம்பியது. வளைந்து, உள்ளே, உயரமாக, எட்டுப் பத்து தலைகள் ஒன்றாக எழும்பின, ஒரு முழங்கை அவன் விலாவில் இடித்தது, ஒரு பூட்ஸ் காலை மிதித்தது.

“என்னுது!” என்று கத்திக்கொண்டே மேலே போனான்.

இரண்டு கைக்குள்ளும் பந்து வந்து அடங்கியது. கீழே இறங்கியவன் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு நொடி நிற்கலாம், கடிகாரம் ஓடட்டும் என்று நிற்கலாம், நாலு கோல் வாங்கின எல்லா கீப்பரும் அப்படித்தான் நிற்பார்கள். அவன் நிற்கவில்லை. இடது ஓரத்தில் காலியாகக் கிடந்த புல்லுக்குப் பந்தை வீசிவிட்டு, பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வந்து, இரண்டு கையாலும் எல்லோரையும் முன்னால் தள்ளுகிற மாதிரி ஆட்டினான்.

“மேல போங்கடா! எல்லாம் மேல போங்க! ஒண்ணாவது போடுங்கடா, டேய்!”

தனசீலன் ஓடிக்கொண்டிருந்தான்.